நான் எழுதாமல் விட்ட பெயர்

மகளே,

கொட்டாஞ்சேனையில் நான் வழிதவறி வெயிலில் நின்றேன் என்றும், யாரோ பரிதாபப்பட்டு ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள் என்றும் உன் சித்தி உனக்குச் சொல்லியிருக்கிறாள். அது பிழை. கிருலப்பனையில் இருப்பவளுக்குக் கொட்டாஞ்சேனையில் நடந்தது எப்படித் தெரியும் என்று நீ அவளிடமே கேட்டிருக்கலாம். முகவரியை என் கையால் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போகவேண்டிய வீட்டுக்குத்தான் போனேன். திரும்பும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றியது உண்மை. அது முழங்கால் வலி. முழங்கால் வலி வேறு, மறதி வேறு. எனக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் உன் புத்தகத்தின் புரூஃப் தாள்களை மூன்று கிழமையாகத் திருப்பி அனுப்பவில்லை என்பதும் அவளுடைய கற்பனையே. கண்ணாடி போட்டால் மருந்துப் போத்தலின் அடியில் உள்ள எழுத்தையும் வாசிப்பேன். தாள்களை நான் வைத்திருந்ததற்கும் கொட்டாஞ்சேனைக்குப் போனதற்கும் ஒரே காரணம்தான். அதை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சமூகவியலை இவ்வளவு நேராகத் தமிழில் சொல்ல முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பாராட்டுவதில் நான் கஞ்சத்தனம் உள்ளவள் என்பது உனக்குத் தெரியும், ஆகவே இதை இரண்டு முறை வாசித்துக்கொள். ஒற்றுப் பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் அதிகாரம் என்றும் ஆதிக்கம் என்றும் மாறி மாறி எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒன்றல்ல. எங்கே எது வரவேண்டும் என்பதை நீயே முடிவு செய். இந்தப் படிப்பைப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று உன் அப்பா, "அது என்ன பிள்ளை படிப்பு?" என்று கேட்டார். "மனுசர் ஏன் கூட்டமாய் ஒரே பக்கம் நடக்கினம் எண்டு படிக்கிறது அப்பா" என்றாய் நீ. "பஸ் வராட்டி நடப்பினம், அதுக்கு ஏன் கம்பஸ்?" என்றார் அவர். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் இருந்திருந்தால் இந்தத் தாள்களைத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் காட்டியிருப்பார்.

இனி நான் உடன்படாத இடத்துக்கு வருகிறேன். அதிகாரத்தையும் பால்நிலையையும் பற்றி எழுதும்போது என்னை உதாரணமாகக் காட்டியிருக்கிறாய். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் முப்பது வருடம் கடிதம் அடித்த பெண், அதிகாரியின் ஆங்கிலத்தைத் திருத்தியவள், ஆனால் கையெழுத்துப் போட்டவர் அதிகாரி. வீட்டிலும் படிவங்களை நிரப்பியவள் அவள், வீட்டுத் தலைவர் என்று கையெழுத்து வைத்தவர் கணவர். அதிகாரம் கையெழுத்தில் இருந்தது, எழுதியவளிடம் இருக்கவில்லை என்று முடித்திருக்கிறாய். வாசிக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் வேலையை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது எந்த வயதிலும் இனிப்பான விஷயம். ஆனால் நீ சொன்னது பாதி. எழுதுகிறவரிடமும் அதிகாரம் உண்டு. யாருடைய பெயரை எழுதுவது, யாருடையதை விடுவது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இந்தக் கடிதம்.

நான்காம் அத்தியாயத்தில், குழு என்றால் என்ன என்று விளக்க, செல்வமணியைக் கொண்டு வந்திருக்கிறாய். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்து, நான்கு வருடம் எங்களோடு இருந்த செல்வமணி. "யாழ்ப்பாணத்தாருக்கும் மலையகத்தாருக்கும் இடையில் கோடு போடும் உலகத்தில், என் பெற்றோரின் வீட்டில் அவரும் நாங்களும் ஒரே மேசையில் சாப்பிட்டோம்" என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிற்கவில்லை. முதல் பக்கத்தில், "எவரையும் வேறாக நடத்தாத வீட்டில் என்னை வளர்த்த அம்மாவுக்கு" என்று சமர்ப்பணம் வேறு. அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் இருந்தேன். சிவப்புப் பென்சில் கையில்தான் இருந்தது.

செல்வமணி மேசைக்கு வந்ததில்லை. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, குசினியில் பலகைக் கட்டையில் இருந்து, தனக்கென்று வைத்திருந்த பீங்கான் கோப்பையில் சாப்பிடுவாள். நீ உன் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவாய். "பிள்ளை, மேசையில இருந்து சாப்பிடு" என்று நான் கத்துவேன். "செல்வமணி அக்கா தனிய இருக்கிறா" என்பாய். ஆகவே நீங்கள் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டது உண்மை, உன் ஞாபகம் பொய் சொல்லவில்லை. மேசை மட்டும்தான் பிழை. நீ செய்ததை வீடு செய்ததாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சேராத பெருமையை நான் வாங்கிக்கொள்வதில்லை.

மேசை சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒரு படிவம். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், கடைசியில் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவுமுறை என்று ஒரு கட்டம். படிவம் வந்தால் ஒழுங்கையில் பாதி வீடுகள் என்னிடம் கொண்டு வரும். என் கையெழுத்து அப்படி. கொன்வென்டில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சிஸ்டர், படிவம் நிரப்புவதற்கு இரண்டு விதி சொல்லித் தந்திருந்தார்: ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதே, ஒரு கட்டத்திலும் உண்மையில்லாததை எழுதாதே. உன் அப்பாவின் பெயர், என் பெயர், உன் பெயர் எழுதினேன். செல்வமணியின் பெயரை எழுதப் போனபோது பேனா அந்தக் கடைசிக் கட்டத்தில் நின்றது. உறவுமுறை என்ன? உறவு என்று எழுதினால் பொய். வேலைக்காரி என்று எழுத எனக்குக் கூச்சம். நான் நாகரிகமான பெண் அல்லவா. வெறுமையாக விட்டால் பிழையான படிவம். மூன்றும் முடியாது என்றவுடன் நாலாவதைச் செய்தேன். முழு வரியையும் விட்டுவிட்டேன். அப்போது என் மனதுக்குள் ஓடிய நினைப்பையும் மறைக்கப் போவதில்லை: இந்தப் பதிவெல்லாம் எங்கட ஆக்களுக்குத்தானே, வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு, தோட்டத்து ஆக்களை யார் தேடப் போகிறார்கள்.

உன் அப்பா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். "நீர் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார். வாசித்தது நீ. உனக்குப் பத்து வயது. எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசிக்கும் ஆசையில் என் தோளுக்குப் பின்னால் நின்றாய்.

"அம்மா, செல்வமணி அக்கான்ட பேர் இல்லை."

"அது குடும்பத்து ஆக்களுக்கு மட்டும்."

"அப்ப அக்கா எங்க இருக்கிறா?"

"வாயை மூடிக்கொண்டு போய்ப் படி."

உனக்கு இது ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் நான்காம் அத்தியாயம் வேறு மாதிரி இருந்திருக்கும். உன் வாழ்க்கையில் நீ கேட்ட முதலாவது சமூகவியல் கேள்வி அதுதான். அதற்கு உனக்குக் கிடைத்த பதிலையும் குறித்துக்கொள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். நீ பாடசாலை வானில் போய் அரை மணி ஆகியிருக்கும். வீடு வீடாகப் பதிவைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். எங்கள் விறாந்தையில் ஒரு பொலிஸ் அதிகாரி, வாசலில் துவக்கோடு இரண்டு பேர். உன் அப்பாவும் நானும் வரிசையாக நின்றோம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த செல்வமணி, சத்தம் கேட்டுக் கையில் தேங்காய்ப் பூவோடு வெளியே வந்தாள். "மே கவுத?" என்றார் அதிகாரி. இது யார் என்று. பிறகு தாளைப் பார்த்தார். பெயர் இல்லை. உன் அப்பாவைப் பார்த்தார். கையெழுத்து வைத்தவர் அவர். "கவதத ஆவே?" எப்போது வந்தவள்? நான்கு வருடம் என்று சொன்னால் பதிவு பொய்யாகிவிடும், பொய்ப் பதிவுக்கு உன் அப்பாவைக் கொண்டு போவார்கள். அவர் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். "ஈயே" என்றேன். நேற்று.

ஒரு சொல், மகளே. அதற்கு முந்திய நிமிடம் வரை அவள் தேங்காய் துருவுகிற பெண். அதற்குப் பிறகு, நேற்று இரவு எங்கிருந்தோ வந்து தமிழ் வீடு ஒன்றில் பதியாமல் தங்கியிருக்கும் ஆள். குற்றம் என்பது செய்கையில் மட்டும் இல்லை, செய்தவர் மேல் ஒட்டப்படும் பெயரிலும் இருக்கிறது என்று ஆறாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரியின் பக்கத்தில் நான் ஒரு திருத்தமும் போடவில்லை. செல்வமணி எதுவும் செய்யவில்லை. பெயரை ஒட்டியவள் நான். குழுவின் எல்லையை உள்ளே இருப்பவர்கள் மட்டும் போடுவதில்லை, வெளியே இருப்பவர்களும் போடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அதுவும் சரி. வாசலில் துவக்கோடு நின்றவர்களுக்கு யாழ்ப்பாணம், ஹட்டன் என்ற வேறுபாடு இருக்கவில்லை. அந்தக் கோட்டைப் போட்டது விறாந்தையின் உள்பக்கத்தில் நின்ற நான்தான்.

அதிகாரி அவளிடம் திரும்பி, "எத்தத?" என்றார். உண்மையா என்று. அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். என்னை ஒரு முறை பார்த்தாள். "ஓவ் மாத்தயா" என்றாள். ஓம் ஐயா என்று. கையில் இருந்த தேங்காய்ப் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே ஜீப்பில் ஏறினாள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உன் அப்பா அலைந்து, தோட்டத்திலிருந்து கடிதம் வாங்கி, கிராண்ட்பாஸில் இருந்த அவளுடைய அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தார். வந்தவள் தேத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. தன் உடுப்புப் பையைக் கட்டினாள். "இப்ப ஏன் செல்வமணி போறாய்?" என்று கேட்டேன். "நேத்து வந்தவ தானேங்கம்மா. இன்னைக்குப் போனா என்ன?" என்றாள். அவள் தங்கைக்குக் கலியாணம், ஊருக்குப் போய்விட்டாள் என்று உனக்குச் சொன்னோம். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கும் உன்னைத்தான் ஏசினேன்.

இதையெல்லாம் இவ்வளவு காலம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் என்றால் அது அழகான காரணம். உண்மை அதுவல்ல. நான் உன் அப்பாவைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். வீரமான பெண், சமயத்தில் வாய் திறந்தவள். அந்தக் கதையோடு சுகமாகத்தான் இருந்தேன். உன் புத்தகம் வந்து அதைக் கெடுத்தது. சமர்ப்பணத்தை அப்படியே அச்சில் போகவிட்டால், நான் இரண்டாவது முறையாக அவளை ஒரு தாளில் பிழையாக எழுதியவள் ஆவேன். அதனால் எங்கள் கட்டடத்தின் படிகளைக் கழுவ வரும் பெண்ணிடம் விசாரித்தேன். அவள் கொட்டாஞ்சேனைக்காரி, செல்வமணியின் அண்ணன் இருந்த கிராண்ட்பாஸுக்குப் பக்கம். நாலு நாளில் முகவரி வந்தது.

செல்வமணி இப்போது மருமகளோடு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். தலை முழுக்க நரை. வாசலில் என்னைக் கண்டதும், "யாரு, வெள்ளவத்த அம்மாவா? இன்னும் அதே நிமிர்வு!" என்றாள். பிறகு மருமகளிடம், "கதிரைய நல்லாத் தொடச்சிப் போடு. இந்தம்மா விரலால தடவிப் பாப்பாங்க" என்றாள். நான் கதிரையைத் தடவிப் பார்க்கவில்லை. சுத்தமாகத்தான் இருந்தது. உன் நான்காம் அத்தியாயத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மேசை வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மேசையிலயா? பாப்பாவுக்கு நல்ல மனசுங்கம்மா. கண்ணுதான் கொஞ்சம் சரியில்ல" என்றாள்.

நான் என் வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்ட ஆட்களை ஒரு கையில் எண்ணலாம். அதனால் சுற்றிவளைக்கவில்லை. "அண்டைக்கு நான் பொய் சொன்னனான் செல்வமணி. பிழை என்னில" என்றேன். அவள் கை இடியப்பத் தட்டை அடுக்கிக்கொண்டே இருந்தது.

"அது போகட்டுங்கம்மா. துப்பாக்கியோட நிக்கிறான், ஐயாவப் புடிச்சிட்டுப் போனா பாப்பா என்னா பண்ணும்? நானும் அதத்தான் நெனச்சேன், அதான் ஓவ்னு சொன்னேன். ஆனா பேரு எழுதாம விட்டீங்களே, அது அதுக்கு ரெண்டு மாசம் முந்தி. அப்ப வாசல்ல யாரும் நிக்கல. உங்க கையில பேனாதான் இருந்திச்சு."

பேனாவைப் பற்றி இவ்வளவு சரியாக எனக்கு யாரும் சொன்னதில்லை. "இப்ப புத்தகத்தில என்ன செய்யச் சொல்லுறாய்?" என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னாள். "என் பேரு வரணும்னா நடந்தது வரட்டும். எனக்கு வெக்கம் இல்ல, நான் ஒண்ணும் செய்யல. அத எழுத முடியாதுன்னா பேர எடுத்திரச் சொல்லுங்க. சும்மா நல்லவங்களா எழுதினதுக்குள்ள நான் இருக்க வேணாம்." பிறகு மருமகளைக் கூப்பிட்டு என்னை ஓட்டோவில் ஏற்றிவிடச் சொன்னாள். போகும்போது, "பாப்பா என்னா சொல்லுதுன்னு வந்து சொல்லுங்க" என்றாள். வரச் சொன்னாள் என்பதைக் கவனி. மன்னித்துவிட்டாள் என்று நான் அதற்குப் பொருள் கொள்ளவில்லை. நீயும் கொள்ளாதே.

ஆகவே தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். சமர்ப்பணத்தில் "எவரையும் வேறாக நடத்தாத வீட்டில்" என்பதை வெட்டியிருக்கிறேன். மீதி உன் விருப்பம். எனக்குச் சமர்ப்பணமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேண்டும். ஆனால் உண்மையான காரணத்துக்காக வேண்டும், அப்படி ஒரு காரணம் உனக்குத் தெரிந்தால். நான்காம் அத்தியாயத்தில் மேசையை வெட்டி, ஓரத்தில் நடந்ததைச் சுருக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் நான் யார் என்பதையும் மறைக்க வேண்டாம். ஒரு தாய் என்று பொதுவாக எழுதினால் பிள்ளைகள் அதைத் தங்கள் தாயைத் தவிர வேறு யாரோ என்றுதான் வாசிப்பார்கள். அம்மாவின் பெயர் கெடுமே என்று தயங்குவாய். எண்பதை நெருங்கிவிட்டேன், என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குத் தெரியும். அதற்கு உன் உதவி தேவையில்லை. தன் தாயின் பிழையைத் தன் பாடப் புத்தகத்தில் நேராக எழுதக்கூடிய ஒரு மகளை வளர்த்தவள் என்றால், அந்தப் பெருமை எனக்குப் போதும். அது நான் பிறரிடமிருந்து எடுத்ததாகவும் இருக்காது.

சித்தியின் பேச்சைக் கேட்டு எனக்குத் துணைக்கு ஆள் பார்ப்பதை நிறுத்து. என்றாவது என்னால் முடியாமல் போய் ஒருத்தி வரவேண்டி வந்தால், முதல் நாளே அவளுடைய பெயர் கிராம சேவகரின் பட்டியலில் ஏறவேண்டும். அன்று நானே எழுதுவேன்.

ரெலிபோன் எடுக்காதே. எடுத்தால் நீ என்னைத் தேற்றுவாய், நான் உன்னை ஏசுவேன், இருவருக்கும் அழுகை வரும், விஷயம் நின்றுவிடும். செல்வமணிக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்ட வேண்டும். அவளுடைய பெயரை நடந்ததோடு சேர்த்துப் போடுகிறாயா, இல்லை எடுக்கிறாயா என்பதைத் தாளில், தெளிவான கையெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.

அம்மா